ஸ்ப்ரே பெயிண்டருக்கு என்-95 மாஸ்க் போதுமா? ஹார்ட்னர் கலக்கும் பட்டறைகளுக்கு ஒரு விரிவான பதில்

கோவைப் பக்கம் சின்னதாக டிங்கரிங்–பெயிண்டிங் பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டிருப்பது இது: பெயிண்டர் இரண்டு பேர், டிங்கர் ஒருவர், கூடமாட ஒரு பையன். மூத்த பெயிண்டருக்குச் சில மாதமாக ராத்திரியில் இருமல், நெஞ்சு இறுக்கம். கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடித்தவர்களுக்கு இப்போது என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறார், தினமும் பாலும் கொடுக்கிறார். பூத் (ஸ்ப்ரே அடிப்பதற்கென்றே காற்றோட்டத்தோடு கட்டும் தனி அறை) கட்ட வசதி இல்லை. இது போதுமா, வேறு என்ன செய்யலாம்?

போதாது. உங்கள் ஆட்கள் மேல் அக்கறை இருப்பதால்தான் கேட்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் அடிப்பது டூ-கே பெயிண்ட், அதாவது பெயிண்டை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) கிளியர் கோட் (கலருக்கு மேலே அடிக்கும் பளபளப்புப் பூச்சு) என்றால், என்-95 மாஸ்க்கால் அதைத் தடுக்க முடியாது. பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் அந்த மூத்த பெயிண்டரைக் கவனியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இருமல் வேலை நேரத்தில் வருகிறதா, வீட்டுக்குப் போன பிறகா? ஞாயிறு, தீபாவளி, பொங்கல் லீவில் குறைகிறதா? லீவு முடிந்து வேலைக்கு வந்த ஓரிரு நாளில் திரும்ப ஏறுகிறதா? இந்த ஹார்ட்னரால் வரும் ஆஸ்துமா பெரும்பாலும் உடனே காட்டாது. மத்தியானம் அடித்ததற்கு நாலைந்து மணி நேரம் கழித்து, சில சமயம் 8 மணி நேரம் கழித்து, ராத்திரியில்தான் நெஞ்சைப் பிடிக்கும். அதனால் வீட்டில் இருக்கும்போது வந்த இருமலைப் பட்டறையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பனி, ஏசி, பீடி என்று எதையாவது காரணம் சொல்லி நாள் ஓடிவிடுகிறது.

டாக்டரிடம் போகும்போதும் இதே சிக்கல். "பெயிண்டர்" என்று மட்டும் சொன்னால் சுவருக்கு வெள்ளையடிப்பவர் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். "வீசிங்" என்று எழுதி இன்ஹேலர் கொடுத்து அனுப்பிவிடுவார். இன்ஹேலர் அடித்ததும் மூச்சு சரியாகும், மறுநாள் திரும்ப ஸ்ப்ரே கன்னைப் பிடிப்பார், உள்ளே நோய் வளர்ந்துகொண்டே போகும். அதனால் இந்த வார்த்தைகளிலேயே சொல்லச் சொல்லுங்கள்: "கார் பெயிண்டர், ஐசோசயனேட் ஹார்ட்னர் கலந்து ஸ்ப்ரே அடிக்கிறேன்." ஹார்ட்னர் டின்னின் லேபிளைப் போனில் படம் எடுத்துக் கையோடு கொண்டுபோகட்டும். நுரையீரல் மருத்துவரிடமே போவது நல்லது. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஊதிப் பார்க்கும் சின்னக் குழாய் மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு நாளைக்குக் குறைந்தது நாலு முறை ஊதி, வேலை நாள், லீவு நாள் இரண்டையும் சேர்த்து மூன்று நாலு வாரம் நோட்டில் குறித்து வைத்தால், வேலையால் வருகிறதா இல்லையா என்பது அந்த நோட்டிலேயே தெரிய ஆரம்பிக்கும். ஆனால் அளவு எடுக்க வேண்டும் என்பதற்காக மூச்சு வாங்குகிறவரை மறுபடி ஸ்ப்ரே அடிக்க வைக்காதீர்கள். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதுவரை அவருக்கு ஃபிட்டிங், மாஸ்கிங், பாலிஷ் என்று ஸ்ப்ரே நடக்கும் இடத்துக்கு வெளியே வேலை கொடுங்கள். அதே செட்டுக்குள் (கொட்டகைக்குள்) ஒரு ஓரமாக நிற்க வைப்பது போதாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். கார் பெயிண்டில் பெரும்பாலும் எச்.டி.ஐ. என்ற வகையின் கூட்டு மூலக்கூறுகள். லேபிளில் "பாலிஐசோசயனேட்", "ஹெக்ஸாமெதிலீன் டைஐசோசயனேட்" என்று ஆங்கிலத்தில் பொடியாக அச்சடித்திருப்பார்கள். அது என்ன செய்யும் என்பதை உங்கள் பட்டறையிலேயே பார்த்திருப்பீர்கள். ஹார்ட்னர் டின்னைச் சரியாக மூடாமல் விட்டால் சில நாளில் மேலே தோல் கட்டி, ஜெல்லியாகி, கல்லாகிவிடும். காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து பிடித்துக்கொள்வதால்தான் அப்படி ஆகிறது. பெயிண்டோடு பிடித்து கண்ணாடி மாதிரி பளபளப்பு தருவதும் அதே வேகம்தான். மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்க ஈரம், புரதம். அங்கே போய் விழும் துளியும் அதே வேகத்தில் அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய புரதத்தை உடம்பு அந்நியப் பொருள் என்று நினைத்து எதிர்க்கப் பழகிவிட்டால் அதைத்தான் மருத்துவர்கள் சென்சிட்டைசேஷன் என்கிறார்கள்.

அப்படிப் பழகுவதற்குச் சிலருக்குச் சில வாரம் போதும், சிலருக்கு வருடங்கள் ஆகும். பதினைந்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவருக்குப் பதினாறாவது வருடம் வரலாம். ஒருமுறை பழகிவிட்டால் முன்பு தாங்கிய அளவில் மிகச் சிறிய பங்குகூட இழுப்பைக் கிளப்பும். பக்கத்து வண்டிக்கு அடிக்கும்போது செட்டின் மறுகோடியில் நின்றாலே போதும். அந்த நிலைக்கு வந்தவருக்கு எந்த மாஸ்க்கும் நிரந்தரத் தீர்வு இல்லை, ஐசோசயனேட் வேலையிலிருந்தே விலக வேண்டும். சீக்கிரம் விலகினால் பலருக்குக் குறைகிறது. தாமதித்தால் வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா கூடவே வருகிறது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, வாகன ஸ்ப்ரே பெயிண்டர்களுக்கு வேலையால் ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றத் தொழிலாளர்களின் சராசரியைவிட சுமார் 80 மடங்கு என்று சொல்கிறது. பூத்தும் காற்றுக் குழாய் மாஸ்க்கும் வைத்திருக்கிற நாட்டின் கணக்கு அது.

நம் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு, வாசனையை வைத்து ஆபத்தை அளப்பது. தின்னர் நெடி மூக்கில் ஏறினால் "ஹெவியா இருக்கு" என்று வெளியே வருவார்கள், நெடி குறைந்தால் உள்ளே போவார்கள். தின்னரில் இருக்கும் டொலுயினுக்கு 8 மணி நேர வேலைக்கான வரம்பாக ஏ.சி.ஜி.ஐ.எச். என்ற அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு வைத்திருப்பது காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு. எச்.டி.ஐ.க்கு அதே அமைப்பு வைத்திருப்பது பத்து லட்சத்தில் 0.005 பங்கு. நாலாயிரம் மடங்கு குறைவு. அந்த அளவில் ஐசோசயனேட்டுக்கு மூக்குக்குத் தெரிகிற மணமே இல்லை. நெடி அடிப்பது தின்னர், ஆஸ்துமா தருவது ஹார்ட்னர். நெடியே இல்லாத காற்றில் ஹார்ட்னர் இருக்கலாம்.

போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மெதில் ஐசோசயனேட்டும் இந்த ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது சட்டென்று ஆவியாகும் பொருள், உங்கள் ஹார்ட்னர் அப்படி ஆவியாகாது, எனவே இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பயப்பட வேண்டாம். டின்னில் சும்மா இருக்கும்போது அதிலிருந்து காற்றில் கலப்பது கொஞ்சம்தான். கன்னில் போட்டு அடிக்கும்போதுதான் நுண்துளியாக மாறி நெஞ்சுவரை போகிறது. ஸ்பெயின் நாட்டில் அல்காய் பகுதியில் 1992-ல் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். துணியில் ஸ்ப்ரே கன்னால் சாயம் அச்சிடும் சின்ன ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் கெட்டு 6 பேர் இறந்தார்கள். அர்டிஸ்டில் என்ற ஆலையின் பெயரால் அந்த நோயே அழைக்கப்படுகிறது. அவர்கள் பயன்படுத்திய அக்ரமின் என்ற பொருள் மூச்சில் போகாதவரை பெரிய ஆபத்தாக யாரும் கருதாதது. ஸ்ப்ரே அடித்தபோது கொன்றது. "இந்தப் பொருளைப் பல வருஷமா ப்ரஷ்ல அடிக்கிறோம், ஒண்ணும் ஆகல" என்று யாராவது சொன்னால், ஸ்ப்ரேக்கு அந்த அனுபவம் செல்லாது.

இனி மாஸ்க். என்-95 தூசித் துகளைப் பிடிக்கும் வடிகட்டி. தின்னர் ஆவி அதில் தங்கு தடையில்லாமல் உள்ளே வரும். அந்த "என்" என்ற எழுத்தே எண்ணெய்த்தன்மையுள்ள துளிக்குத் தாங்காது என்பதற்கான குறி. துணி கர்ச்சீப் ஒன்றையும் தடுக்காது, தடுப்பதாக ஒரு தைரியத்தை மட்டும் தரும். நனைத்த கர்ச்சீப்பும் அப்படித்தான்.

குறைந்தபட்சம் என்று கேட்டால், ரப்பர் அல்லது சிலிக்கோன் அரை முகக் கவசம், அதில் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதற்கு முன்னால் துகள் வடிகட்டி. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், கார்ட்ரிட்ஜ் மட்டும் வாங்கினால் துளி உள்ளே போகும். ஒரு கார் முழுப் பெயிண்டிங் கூலியில் இதன் விலை சிறு பகுதிதான். கூடவே கண்ணை மூடும் காகிள்ஸ். முடிந்தால் முழு முகக் கவசம் இன்னும் நல்லது.

இதை வாங்கிக் கொடுத்தபின் நடப்பதைக் கவனியுங்கள். வேலை முடிந்ததும் மாஸ்க்கைக் கம்ப்ரஸர் மேலேயோ ஆணியிலோ மாட்டிவிட்டுப் போவார்கள். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கரி ராத்திரி முழுக்கப் பட்டறைக் காற்றில் இருக்கும் தின்னரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் மாட்டும்போது ஆயுளில் ஒரு பங்கு போயிருக்கும். கழற்றியதும் துடைத்து, காற்றுப் போகாத டப்பாவில் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததை வாசனை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பழக்கம் தின்னருக்கு ஓரளவு சரி, ஹார்ட்னருக்கு மணமே இல்லாததால் உதவாது. எத்தனை மணி நேரம் அடித்தார் என்று கணக்கு வைத்து, கம்பெனி சொல்லும் நேரத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மாட்டியதும் உள்ளங்கையால் கார்ட்ரிட்ஜ்களை மூடி மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்கினால் சரி, ஓரத்தில் காற்று வந்தால் சரியில்லை. தாடி, இரண்டு நாள் முள்தாடிகூட, அந்த ஓரத்தைக் கெடுத்துவிடும். மாலை போட்டு விரதம் இருக்கும் மாதத்தில் தாடி எடுக்க முடியாதவர்களுக்கு இந்த மாஸ்க் வேலைக்கு ஆகாது. அவர்களுக்கு அந்த நாட்களில் வேறு வேலை கொடுக்கலாம், இல்லாவிட்டால் தலையை மூடும் காற்றுக் குழாய் ஹூட்.

முழு காருக்குக் கிளியர் கோட் அடிக்கிறீர்கள் என்றால் என் கருத்தில் அந்த ஹூட்தான் சரியான சாதனம். வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று முகத்துக்கு வந்துகொண்டே இருக்கும், அதனால் ஓரத்தில் இடைவெளி இருந்தாலும் காற்று வெளியேதான் தள்ளும். தளர்வான ஹூட்டுக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 170 லிட்டர் காற்று வேண்டும். கன்னுக்கும் ஹூட்டுக்கும் ஒரே சின்னக் கம்ப்ரஸர் என்றால், கன்னை அழுத்தும்போதெல்லாம் முகத்துக்கு வரும் காற்று குறையும். இன்னொன்று ரொம்ப முக்கியம்: கன்னுக்குப் போகும் காற்றை அப்படியே சுவாசிக்கக் கொடுக்காதீர்கள். அதில் ஆயில் துளி இருக்கும். ஆயில் கம்ப்ரஸர் சூடேறினால் கார்பன் மோனாக்சைடும் கலக்கும், அது ஆளையே சாய்த்துவிடும். ஆயில் இல்லாத கம்ப்ரஸர், அதற்கான சுவாசக் காற்று ஃபில்டர் செட், காற்றை இழுக்கும் வாய் ஜெனரேட்டர் புகைக்கும் ஸ்ப்ரே இடத்துக்கும் எட்டாத இடத்தில். இந்த மூன்றும் இல்லாமல் ஹூட் வாங்க வேண்டாம்.

நல்ல ஹூட் வாங்கியவர்களும் தவறுவது ஒரே இடத்தில்தான். கடைசிக் கோட் அடித்து முடித்ததும், சாய்ந்து பார்த்து ஓட்டம் சரியா, பெயிண்ட் வழிந்து ரன் விழுந்திருக்கிறதா என்று பார்க்க முகமூடியைத் தூக்குவார்கள். பெயிண்டருக்கு அந்தப் பார்வை முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில்தான் காற்றில் துளி அதிகம். கண்ணுக்குத் தெரியும் மூட்டம் சீக்கிரம் அடங்கிவிடும், மிக நுண்ணிய துளி சாதாரண வெளிச்சத்தில் தெரியாமலே தொங்கிக்கொண்டிருக்கும். நல்ல பூத்தில் அது சில நிமிடத்தில் வெளியேறும். ஃபேன் மட்டும் வைத்த அறையில் 20 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

உங்கள் செட்டில் எத்தனை நிமிடம் என்று நீங்களே அளக்கலாம். பிரிட்டனில் பூத்களைச் சோதிக்க நாடக மேடைப் புகை இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கே கல்யாண மண்டபத்திலும் கச்சேரி மேடையிலும் வைக்கும் அதே மெஷின், லைட் செட்டிங் போடுகிறவர்களிடம் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். பெயிண்டும் தின்னரும் திறந்து வைக்காத ஒரு நாளில் (அந்த மெஷினுக்குள் சூடான பாகம் இருக்கிறது) செட்டைப் புகையால் நிரப்புங்கள். மெஷினை நிறுத்தி, எக்ஸாஸ்டைப் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போனில் நேரம் எடுங்கள். டார்ச் ஒளியில் ஒரு இழைகூடத் தெரியாமல் போகும்வரை ஆகும் நேரம், அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, உங்கள் செட்டின் நேரம். அதைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். கடைசித் துளி அடித்ததிலிருந்து அவ்வளவு நேரம் யாரும் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, மாஸ்க் இல்லாதவர் உள்ளே வரக் கூடாது. புகை எந்த மூலையில் சுற்றிக்கொண்டு நிற்கிறது, பக்கத்துக் கடைக்குள் போகிறதா, டீ குடிக்கும் இடத்துக்கு வருகிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆளுக்கு ஆள் வாதாடிக்கொண்டிருந்த விஷயம் கண்ணெதிரே தெரியும்போது அப்புறம் யாரும் வாதாடுவதில்லை.

பூத் கட்ட வசதி இல்லை என்கிறீர்கள். சின்னப் பட்டறைகளில் நடப்பது இதுதான்: தரையில் தண்ணீர் தெளித்து, தூசி வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டக் கூடாதென்று ஷட்டரை இறக்கி, ஃபேனையும் நிறுத்திவிட்டு அடிப்பார்கள். ஃபினிஷிங் நன்றாக வரும். அடிக்கிறவர் தன் மூச்சுக் காற்றையே மூட்டமாக்கி அதற்குள் நிற்கிறார். ஷட்டரைத் திறந்து பெடஸ்டல் ஃபேனைப் போடுவதும் தீர்வு இல்லை, அது துளியை டிங்கர் மேலும் தெருவிலும் தள்ளும். காற்று ஒரு பக்கம் ஃபில்டர் வழியாக உள்ளே வர வேண்டும், வண்டியைக் கடந்து மறுபக்கம் ஃபில்டர் வழியாக வெளியே இழுக்கப்பட வேண்டும், அடிப்பவர் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். பூத் என்பது இவ்வளவுதான். உள்ளே வரும் காற்றுக்கும் ஃபில்டர் இருந்தால் தூசிக்காக ஷட்டரை மூட வேண்டிய தேவையே வராது.

தனியாக ஒரு பகுதியைத் திரை போட்டு மறைத்து இதைச் செய்ய முடியும், ஆனால் ஃபேன் அளவில் ஏமாறாதீர்கள். கையால் அடிக்கும் பூத்துக்கு அமெரிக்க விதி கேட்கும் காற்று வேகம் நிமிடத்துக்கு 100 அடி, அதாவது நொடிக்கு அரை மீட்டர். 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள இடத்துக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 18,000 கன மீட்டர் காற்று இழுக்க வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு மாட்டினால் அதன் பக்கத்தில்கூட வராது. மோட்டார் ஃபிளேம்-ப்ரூஃப் (உள்ளே எழும் பொறி வெளியே தீப்பற்ற வைக்காத) வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தின்னர் ஆவியில் ஒரு பொறி போதும். விளக்கு, சுவிட்சுக்கும் இதே கதை.

கன்னை மாற்றுவது இதைவிடச் சுலபம். பழைய ஹை-பிரஷர் கன்னில் பெயிண்டில் பாதிக்கு மேல் வண்டியில் ஒட்டாமல் காற்றில்தான் போகிறது. எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) கன்னில் காற்று முனையில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது, ஒட்டும் பங்கு அதிகம். பெயிண்ட் மிச்சமாவதால் போட்ட காசு திரும்பி வரும், மூட்டமும் குறையும். பம்பர், மிரர் கவர் மாதிரி கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றித் தனியாக அடித்தால் வண்டியைச் சுற்றி நடந்து மூட்டத்துக்குள் புகுந்து வர வேண்டியதில்லை. வாட்டர்-பேஸ் பெயிண்ட் போட்டால் ஆபத்து போய்விடும் என்று டீலர் சொன்னால் அரைகுறையாக நம்புங்கள். கலர் தரும் பேஸ் கோட்டில் தின்னர் குறையும், நல்லதுதான். மேலே அடிக்கும் கிளியர் கோட்டில் அதே ஹார்ட்னர்தான்.

அந்தப் பையனை மறந்துவிடாதீர்கள். கலக்குவதும் கன் கழுவுவதும் பெரும்பாலும் அவன் வேலை, அதற்கு யாரும் மாஸ்க் கொடுப்பதில்லை. கன்னில் தின்னரை ஊற்றி வெளியே பீய்ச்சிக் கழுவுவது இன்னொரு முறை ஸ்ப்ரே அடிப்பதற்குச் சமம். கன்னைப் பிரித்து மூடிய டப்பாவில் ஊறவைத்து ப்ரஷ்ஷால் கழுவச் சொல்லுங்கள். கையில் ஒட்டிய பெயிண்டைத் தின்னரில் கழுவுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஐசோசயனேட் தோல் வழியாகவும் உடம்பைப் பழக்கிவிடும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன, தின்னர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து அதற்கு வழி திறந்துவிடுகிறது. நைட்ரைல் கையுறை போடட்டும், பெயிண்ட் பட்டதும் மாற்றட்டும். கையில் பட்டால் தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தேய்த்துத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவலாம்.

டிங்கருக்கும் பங்கு உண்டு. பி.யூ. பெயிண்ட் காய்ந்து இறுகிய பிறகு சாதுவானது, ஆனால் சூடாக்கினால் உடைந்து மறுபடியும் ஐசோசயனேட் வெளியே வரும். பெயிண்ட் இருக்கும் தகட்டின் மேல் கேஸ் வெல்டிங் வைக்கும்போது எழும் புகையில் அது இருக்கிறது. வெல்டிங் வைக்கும் இடத்தைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வைக்க வேண்டும். முழுதாகக் காயாத கிளியர் கோட்டை எமரி போட்டுத் தேய்த்தால் தூசியிலும் மீதி ஹார்ட்னர் இருக்கும், அதனால் வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்ப்பது நல்லது.

கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ரெட் ஆக்ஸைடு ஜிங்க் குரோமேட் பிரைமரில் இருப்பது ஹெக்ஸாவலன்ட் குரோமியம், நுரையீரல் புற்றுநோய்க்கு உறுதியான காரணி. மஞ்சள், ஆரஞ்சு இண்டஸ்ட்ரியல் எனாமல்களில் லெட் குரோமேட் இருக்கலாம். வீட்டு, அலங்காரப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற 2016-ம் ஆண்டு விதி 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலைப் பெயிண்டைக் கட்டுப்படுத்தாது. "ஈயம் இல்லாதது" என்று வீட்டுப் பெயிண்ட் டின்னில் பார்த்த ஞாபகத்தில் பஸ் பெயிண்டையும் அப்படியே நினைத்துவிட வேண்டாம். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகள் துணியோடு துவைக்கக் கூடாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பெயிண்டர் தொழிலையே 1989-ல் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்தது, அந்த முடிவு இன்றுவரை மாறவில்லை.

தின்னரைப் பற்றி இவ்வளவு நேரம் குறைவாகச் சொன்னதால் அது லேசானது என்று ஆகாது. வருடக்கணக்கில் டொலுயின் மாதிரி கரைப்பான்களை மூச்சில் வாங்கியவர்களுக்கு ஞாபக மறதி, எரிச்சல், கவனம் நிற்காமை வருவதை டென்மார்க், சுவீடன் மருத்துவர்கள் 1970-களிலேயே பெயிண்டர்களிடம் கண்டார்கள். கம்ப்ரஸர் சத்தத்தோடு டொலுயினும் சேர்ந்தால் காதுக்கு இரட்டைக் கேடு. பாலும் வெல்லமும் வாழைப்பழமும் இவற்றில் எதையும் நெஞ்சிலிருந்து கழுவி எடுக்காது, அவை போவது வயிற்றுக்கு. சத்துக்காகக் கொடுங்கள், ஆனால் ஸ்ப்ரே இடத்துக்கு வெளியே, கை கழுவிய பிறகு. கார்ட்ரிட்ஜ் வாங்கப் பணம் இல்லை என்ற நிலை வந்தால் பாலை நிறுத்திக் கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், "ஐசோசயனேட் நச்சு" 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோயாகப் பெயர் சொல்லியே இருந்தது; அதன் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையிலும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 89-ம் பிரிவு, புதிய தொகுப்பிலும் அந்தக் கடமை உண்டு. வேலையால் வந்த ஆஸ்துமா இ.எஸ்.ஐ.-க்கான தொழில் நோய்ப் பட்டியலிலும் உண்டு. நாலு பேர் பட்டறைக்கு இ.எஸ்.ஐ. பொதுவாகக் கட்டாயம் இல்லை, பத்துப் பேர் ஆகும்போது கட்டாயம். கிளை, குடும்பத்து ஆள் என்று பிரித்துக் காட்டிப் பத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அதனால் நெஞ்சு கெட்ட பெயிண்டருக்குச் சம்பளமும் மருத்துவமும் இல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பணத்தை எதில் முதலில் போடுவது என்றால், இந்த வாரமே கார்ட்ரிட்ஜ் மாஸ்க், காகிள்ஸ், கையுறை எல்லோருக்கும், பையனுக்கும் சேர்த்து. அடுத்து கன். அதற்கு அடுத்து ஹூட்டும் சுவாசக் காற்று ஃபில்டரும். எக்ஸாஸ்டைச் சரியாகப் போட முடிகிறவரை முழு வண்டி வேலைகளைப் பூத் இருக்கும் பட்டறையில் மணிக்கணக்கு வாடகை பேசி அடித்துக்கொண்டு வாருங்கள், உங்கள் செட்டில் சின்ன டச்-அப் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடகையைக் கஸ்டமர் பில்லில் தனி வரியாகவே போடலாம். ஃபினிஷிங்கில் தூசி இல்லாததைப் பார்க்கிறவர்கள் கொடுக்கத் தயங்குவதில்லை. வாடகைக்கு எடுக்கும் பூத்தையும் நம்பி உள்ளே போய்விடாதீர்கள். ஃபில்டர் அடைத்த பூத் வெறும் வெளிச்சமான பெட்டிதான். கதவை ஒரு விரல் அளவு திறந்து, இடுக்கில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். அது உள்பக்கம் இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளினால் எக்ஸாஸ்ட் ஃபில்டரை மாற்றச் சொல்லி, மாற்றிய பிறகு அடியுங்கள்.